'நல்' (null) சோதனை போட்டால் சரியாகிவிடாது

கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையிலிருந்து சென்ற வாரம் அழைத்தார்கள். பில் போடும் மென்பொருள் நாளுக்கு மூன்று நான்கு முறை தானாக மூடிக்கொள்கிறது என்றும், எழுதிக் கொடுத்தவர்கள் சொன்னபடி 4 ஜிபி ராமை 8 ஆக்கி, பிறகு 16 ஆக்கியும் நிற்கவில்லை என்றும் உரிமையாளர் சொன்னார். "இன்னும் எவ்வளவு தம்பி போடணும்?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ராம் வாங்கச் சொல்லி அனுப்பப்பட்ட கடைக்காரர்களை நான் பார்ப்பது இது முதல் முறையன்று.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் இருந்தது ஆக்சஸ் வயலேஷன். அது இடம் போதாத நிரலின் அடையாளமன்று, தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்ட நிரலின் அடையாளம். கல்லாவில் பில் போடும் பெண்ணின் அருகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிரிண்டர் தாமதிக்கும்போது அவர் காத்திராமல் எஸ்கேப் விசையை அழுத்தி டயலாக்கை (திரையில் வந்த சிறு சாளரத்தை) மூடிவிட்டு அடுத்தவரின் சீட்டை வாங்குகிறார். சில நொடிகளில் பிரிண்டரின் பதில் வருகிறது. 'அச்சாகிவிட்டது' என்று எழுத வேண்டிய லேபிள் அதற்குள் டயலாக்கோடு சேர்ந்து அழிந்திருக்கிறது.

மூல நிரலை வாங்கிப் பார்த்தபோது, நிரல் விழுந்த வரிக்கு மேலேயே லேபிள் 'நல்' (null, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) தானா என்ற சோதனை இருந்தது. நிரலாளர்களே, இதைத்தான் மன்றாடிச் சொல்கிறேன்: ஆப்ஜெக்டை அழித்தால் அதைச் சுட்டும் பாயிண்டர் (அதன் முகவரியை வைத்திருக்கும் மாறி) 'நல்' ஆகிவிடுவதில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரின் கதவு எண் நம் குறிப்பேட்டில் அப்படியே இருப்பதுபோல், பழைய முகவரி அதில் அப்படியே இருக்கும். ஓரிடத்தில் நீங்களே 'நல்' என்று மாற்றினாலும், லாம்டா (பதில் வந்ததும் ஓடும்படி எழுதி வைத்த பெயரில்லாச் சிறு நிரல்) முன்பே பிடித்து வைத்திருக்கும் பிரதி மாறாது. இங்கே நிலைமை இன்னும் மோசம்: லாம்டாவிடம் இருந்தது டயலாக்கின் முகவரி, லேபிள் 'நல்' தானா என்று கேட்பதற்கே அழிந்த டயலாக்கின் உள்ளே போய்த்தான் படிக்க வேண்டும். சோதனையே குற்றத்தைச் செய்கிறது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ளும் வரை பழைய மதிப்புகள் பெரும்பாலும் அங்கேயே கிடப்பதால், "என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது" என்பதும் எதையும் நிரூபிப்பதில்லை.

என் மேசையில் பிரிண்டரின் பதிலை 5 நொடி வேண்டுமென்றே தாமதப்படுத்தி, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் என்ற கருவியோடு தொகுத்து ஓட்டினேன். முதல் எஸ்கேப்பிலேயே அகப்பட்டது. தொட்ட இடம், விடுவித்த இடம், ஒதுக்கிய இடம் ஆகிய மூன்றின் அழைப்பு வரிசையையும் அது காட்டும். படிக்க வேண்டியது நடுவிலுள்ளதை, ஆனால் எல்லோரும் முதலாவதை மட்டும் படித்துவிட்டு அங்கே ஒரு இஃப் எழுதுகிறார்கள். ஓட்டம் ஏறக்குறைய இரு மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான். விஷுவல் ஸ்டுடியோ 2019-இன் 16.9 பதிப்பிலிருந்தே இந்தக் கருவி கிடைக்கிறது. விண்டோஸில் வசதியில்லை என்று இனியும் சொல்லாதீர்கள்.

திருத்தம் ஒரு சொல். க்யூட்டியில் (Qt, திரைகளை உருவாக்கும் C++ நூலகம்) ஒரு நிகழ்வை அதற்கான செயலோடு இணைக்கும் கனெக்ட் எழுதும்போது லாம்டாவுக்கு முன்னால் சூழல் ஆப்ஜெக்டாக அந்த டயலாக்கையே கொடுத்துவிட்டால், அது அழியும்போது இணைப்பும் அறுந்துவிடும். பாயிண்டரை வைத்துக்கொண்டே தீர வேண்டுமென்றால் க்யூபாயிண்டரில் வையுங்கள். ஆப்ஜெக்ட் அழிந்ததும் தானாக 'நல்' ஆவது அதுதான், அங்கே சோதனைக்குப் பொருள் உண்டு. ஒரு விட்ஜெட்டை (பொத்தான், சாளரம் போன்ற திரை உறுப்பை) அதன் நிகழ்வைக் கையாளும்போதே டெலீட் செய்யாதீர்கள், பிறகு அழிக்கும் டெலீட்லேட்டர் போடுங்கள்.

கடைக்கு அனுப்பும் ஒவ்வொரு பதிப்பின் பிடிபி கோப்பையும் (PDB, ஓடும் நிரலை மூல நிரலின் வரிகளோடு பொருத்திக் காட்டுவது) தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். இந்தக் கடையில் ஓடிய பதிப்புக்கு அது எவரிடமும் இல்லை. இருந்திருந்தால் ஒரே ஒரு டம்ப் கோப்பிலிருந்து (நிரல் விழுந்த கணத்தின் நினைவகப் பதிவு) விழுந்த வரியை அன்றைக்கே கண்டிருக்கலாம், அவர் இரண்டு முறை ராம் வாங்கியிருக்கவும் வேண்டாம்.