ரோந்து எந்த ஊர்ச் சொல்?

“ஏனுங் தம்பி, ரோந்து ரோந்துங்கறீங்களே, அப்படின்னா என்னங்க?”

கேட்டது எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதில் சொல்ல வேண்டியவர் ஏட்டு. இடம் காங்கயம் பக்கம், எங்கள் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், திண்ணை. 2025 மே மாதம். சிவகிரியை அடுத்த விளக்கேத்தி பகுதியில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியை நகைக்காகக் கொன்றுபோட்ட செய்தி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2024 நவம்பரில், பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தாய், தகப்பன், மகன் என்று மூன்று பேர் தோட்டத்து வீட்டிலேயே கொல்லப்பட்டிருந்தார்கள். பொழுது விழுந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கத்தில் அப்போதுதான் வந்தது. அதுவரை நிலா வெளிச்சத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தவர்கள்தான் எல்லாரும்.

“ராத்திரி நாங்க வண்டியில சுத்தி வருவமுங் ஆத்தா.”

“சுத்தி வருவீங்க, செரி. எங்கூட்டுக்கு வருவீங்களா?”

ஏட்டு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லின் பொருளும் குறையும் இரண்டு கேள்வியில் வெளியே வந்துவிட்டதே என்று தோன்றியது.

ரோந்து என்றால் சுற்று. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘ரவுண்டு’ என்பதற்கு வட்டம் என்றும், காவலர் குறித்த வழியே சுற்றி வருவது என்றும் பொருள். அதற்கும் மூலம் லத்தீனின் ‘ரொதுந்துஸ்’, சக்கரம்போல் உருண்டது என்று அர்த்தம். அங்கே ‘ரோத்தா’ என்றால் வண்டிச் சக்கரம். ஆக, ‘போலீசார் ரோந்து சுற்றினர்’ என்று நாளிதழில் படிக்கிறோமே, அது ‘சுற்று சுற்றினர்’தான். ‘கேட்டுக்கதவு’, ‘நடுசென்டர்’ வகையறா. மொழிக்கு இதெல்லாம் புதிதல்ல. வந்த சொல்லின் பொருள் மறந்துபோனால் பக்கத்தில் சொந்தச் சொல்லை ஒன்று ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆங்கிலத்திலிருந்து நேரே காதுவழி வந்த சொற்களைப் பாருங்கள்: பவுண்டு, சவுண்டு, கிரவுண்டு. எல்லாம் ‘ண்டு’. அதே ‘ரவுண்டு’ என்ற சொல்லும் நம்மிடம் தனியாக இருக்கிறது. டீக்கடையில் இரண்டாவது ரவுண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர் ரவுண்ட்ஸ். அப்படியிருக்க போலீஸ் சுற்று மட்டும் எப்படி ‘ந்து’ ஆயிற்று? இடையில் வேறொரு வாய் இருந்திருக்க வேண்டும். போர்த்துகீசியத்தில் காவல் சுற்றுக்கு ‘ரோந்தா’ என்று பெயர். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் எல்லாம் அந்த வழியாக வந்தவைதாம். வடக்கே இந்துஸ்தானியில் சிப்பாய்கள் ‘ரௌந்த்’ என்றார்கள். இரண்டிலும் பல்லில் நாக்கு படும் ‘த’தான். இந்த இரண்டில் ஒன்றின் கைபட்டுத்தான் நமக்கு வந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆக ஒரே சொல்லை இரண்டு முறை கடன் வாங்கியிருக்கிறோம், ஒன்று குடிப்பதற்கு, ஒன்று காப்பதற்கு.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. சாலைகள் கூடும் இடத்தை ‘ரவுண்டானா’ என்கிறோமே, அது சென்னை மவுண்ட் ரோட்டில், இன்று அண்ணா சிலை நிற்கும் சந்திப்புக்கு இருந்த ‘ரவுண்ட் தாணா’ என்ற பெயர். தாணா என்றால் போலீஸ் சாவடி. இப்போது கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் எல்லா வட்டமும் ரவுண்டானாதான், எதிலும் போலீஸ் சாவடி இருக்க வேண்டியதில்லை.

கொங்கு நாடு மூன்று மொழி முட்டிக்கொள்ளும் மூலை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்திலும் ‘ரோந்து’தான், அவர்களும் ‘சுற்றுக’ என்ற வினையைத்தான் சேர்க்கிறார்கள். திம்பம் மலை ஏறிச் சாமராஜநகர் பக்கம் போனால் கன்னடத்தில் ‘கஸ்து’. அது பாரசீகத்தின் ‘கஷ்த்’. அதற்கும் பொருள் சுற்றித் திரிதல். எந்தப் பக்கம் போனாலும் வட்டம்தான்.

தமிழின் பழைய சொல்லில் வட்டம் இல்லை. மதுரைக்காஞ்சியில் இரவுக் காவலர்களை ‘ஊர் காப்பாளர்’ என்கிறார்கள். அந்தப் பகுதியைப் படித்தால் இன்றைய குற்றப்பிரிவு அறிக்கை மாதிரியே இருக்கும். திருடர்கள் நீலக் கச்சை கட்டியிருக்கிறார்கள், இருட்டில் தெரியாமல் இருக்க. இடுப்பில் நூலேணியைச் சுற்றியிருக்கிறார்கள். கையில் சுவரடியைத் தோண்ட உளி. அவர்கள் பதுங்கும் இடத்தை முன்கூட்டியே ஒற்றறிந்து வைத்திருக்கும் காப்பாளர்களைத் ‘துஞ்சாக் கண்ணர்’ என்கிறது பாட்டு. மழை கொட்டித் தேரோடும் தெருவில் தண்ணீர் திரண்டு ஓடுகிற நடுச்சாமத்திலும் சோர்வில்லாமல் எழுந்து ‘வழங்குகிறார்கள்’. வழங்குதல் என்றால் இங்கே கொடுப்பதல்ல, நடமாடுவது. ரோந்து என்ற வினைக்கு நம்மிடம் இருந்த சொல் அது. இப்போது பரிசு வழங்குவதோடும் ரேஷன் வழங்குவதோடும் அதன் வேலை முடிந்துவிட்டது.

குறுந்தொகையில் ‘யாமங் காவலர்’ வருகிறார்கள். தினைப்புனத்தில் அரிகிற வேலை, தொண்டகப் பறை, தூங்காத காவலர். அங்கே தோழிக்குக் கவலை வேறு: இவர்கள் விழித்திருக்கிறார்களே, தலைவியைப் பார்க்க இரவில் வரும் காதலர் எப்படி வருவார் என்று. காவல் என்பது எல்லாருக்கும் நல்ல செய்தி அல்ல என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

‘கா’ என்ற ஓரெழுத்து வேரிலிருந்துதான் காவல், காப்பு, காப்பாளர் எல்லாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்று வரும். பாடி என்றால் ஊர். ஊரைக் காப்பதும் பாடிகாவல், அதற்காக ஊரார் கொடுத்த வரியும் பாடிகாவல். சேவைக்கும் கூலிக்கும் ஒரே பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் பாளையக்காரர்கள் காலத்தில் இதுவே ஊருக்குத் தலக்காவல், பல ஊர் சேர்ந்த வட்டாரத்துக்குத் தேசக்காவல் என்று இரண்டடுக்காக நின்றது. அந்த ஏற்பாட்டின் சாரம் இது: காவல்கூலி வாங்கியவன் எல்லைக்குள் பொருள் களவு போனால், அவன்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் கைக்காசிலிருந்து ஈடு கட்ட வேண்டும். காவல் என்ற சொல்லுக்குள் பொறுப்பும் பணமும் சேர்ந்தே இருந்தது.

உடனே பொற்காலம் என்று எழுதிவிட வேண்டாம். கூலி கொடுக்காதவன் வீட்டில்தான் மாடு காணாமல் போகும் என்பதும் அதே ஏற்பாட்டின் மறுபக்கம். ‘தலையாரியும் அதிகாரியும் ஒன்றானால் சம்மதித்தபடி திருடலாம்’ என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. தலையாரி என்றால் ஊர்க் காவல்காரர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி ஆட்சி பாளையக்காரர்களின் காவல் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. 1859இன் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் சம்பளப் போலீசைக் கொண்டுவந்தது. ஈடு கட்டும் வழக்கம் போயிற்று. பட்டாளப் பாணியில் ரோந்து வந்தது. ஊருக்குத் தலையாரி மட்டும் மிஞ்சினார்; அவரும் இன்று கிராம உதவியாளர், கையில் வருவாய்த்துறைக் காகிதக் கட்டு.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ரோந்து என்ற ஏற்பாடு தெருவுக்காக உண்டானது. இந்த முனையில் புகுந்து அந்த முனையில் வெளியே வந்தால் நாற்பது வீட்டைப் பார்த்த கணக்கு. கொங்கில் பாதிக் குடித்தனத்துக்குத் தெரு கிடையாது. கிணறு எங்கேயோ அங்கே காடு, காடு எங்கேயோ அங்கே சாளை. தார் ரோட்டிலிருந்து இட்டேரிக்குள் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒரு வண்டி போகிற அகலம். அரைக் கிலோமீட்டர் போனால் ஒரு வீடு. அதில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வயது எழுபதுக்கு மேல். பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ. அடுத்த வீட்டு விளக்கு தெரியும், கூப்பிட்டால் குரல் எட்டாது. ரோந்து வண்டி தார் ரோட்டில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகும். இட்டேரி முனையில் பார்த்தால் வெள்ளை வேலியும் இருட்டும்தான் தெரியும். சுற்றிவிட்டது, காக்கவில்லை.

சைரன் விஷயத்தில் அம்மிச்சிக்கு ஒரு கருத்து உண்டு. “ஊளையிட்டுட்டு வந்தா திருடன் ஒளிஞ்சுக்குவான். பொட்டாட்ட வரோணும்.” சத்தமில்லாமல் வர வேண்டும் என்கிறார். துஞ்சாக் கண்ணர் பாட்டிலும் ஒற்றிப் பிடிப்பதுதான் வழி, ஊதிக்கொண்டு போவதல்ல.

பயம் வந்தால் ஊர் தானே ரோந்து கிளம்பும். எங்கள் ஊர் முக்கிலும் பத்து இளவட்டம் தடியோடு நின்றது, இரண்டு வாரம். முதல் நாளே ஒரு வட இந்தியப் பையனை நிறுத்தி வைத்து, அவன் வேலை செய்யும் நூல் மில்லுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். அவன் செகண்ட் ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போகிறவன். கடைசியில் கொலை வழக்கில் போலீஸ் கைது செய்தது இதே ஈரோட்டுப் பக்கத்து ஆட்களை. அவர்களிடம் விசாரித்ததில்தான் பல்லடத்துச் சம்பவத்துக்கும் துப்பு கிடைத்தது என்றார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவித் திருப்பூர் பனியன் கம்பெனிகளே ஆடிப்போனதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பயத்துக்கு முகம் வேண்டும். வெளியூர் முகம் கிடைத்தால் அதற்கு வசதி.

சரி, நல்ல தமிழ் என்ன? ‘சுற்றுக்காவல்’ என்பது இருப்பதிலேயே பொருத்தம். இலங்கைத் தமிழ் எழுத்தில் பார்த்திருக்கலாம். ரோந்துப் படகு சுற்றுக்காவல் படகு, ரோந்து வாகனம் சுற்றுக்காவல் வண்டி. சுற்றும் இருக்கிறது, காவலும் விட்டுப்போகவில்லை. ‘காவல் உலா’ என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. உலா என்றால் சாமி புறப்பாடு நினைவுக்கு வருகிறது, நாதஸ்வரம் மட்டும்தான் பாக்கி. ஓரிடத்தில் நின்று இரவில் காப்பதற்கு ‘ராக்காவல்’ போதும், ஊர்வாயில் அது உயிரோடுதான் இருக்கிறது. ‘ஊர்க்காவல்’ என்பது ஊர்க்காவல் படைக்குப் போய்விட்டது, அதை எடுத்தால் குழப்பம். இலக்கணம் பார்த்து ‘உரோந்து’ என்று எழுதலாமா என்றால், எழுதலாம். படிக்கிறவர் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்.

ரோந்து என்ற சொல்லைத் துரத்தியே தீர வேண்டும் என்ற வெறி எனக்கில்லை. ஆனால் அரசு அறிவிப்பில் ‘ரோந்து தீவிரப்படுத்தப்படும்’ என்று படிக்கும்போது, எத்தனை தரம் சுற்றினார்கள் என்று மட்டும் கணக்குக் கேட்க முடிகிறது. ‘காவல்’ என்று எழுதியிருந்தால் வேறு கணக்கும் கேட்கலாம்.

கணக்கு என்றதும் பட்டா புத்தகம் நினைவுக்கு வருகிறது. நில பட்டா இல்லை. ரோந்து போலீசார் வந்து போனதற்குக் கையெழுத்துப் போடுவதற்காக வங்கி, கோயில், தனி வீடு என்று வைக்கும் நோட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம். எங்கள் சாளைக்கும் ஒன்று வந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேட்டில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். தேதி, நேரம், கையெழுத்து, குறிப்பு என்று நான்கு கட்டம். முதல் வாரம் ஒழுங்கு. இரண்டாம் வாரம் நான் ஊருக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் பதிவு ஒரே பேனா, ஒரே சாய்வு, நேரம்கூட மூன்றுக்கும் 1.20. அதில் நடுநாள் ராத்திரி விடிய விடிய மழை; நோட்டில் ஒரு துளி படவில்லை. பகலில் வந்து மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். யார், எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. சுற்று என்பது தாளிலும் சுற்றலாம்.

அம்மிச்சி அதற்கெல்லாம் கோபப்படவில்லை. அவர் ரோந்து என்ற சொல்லை இதுவரை வாயில் எடுத்ததும் இல்லை. வந்தால் “காவக்காரங்க வந்தாங்க” என்பார், வராவிட்டால் “இன்னைக்குக் காவலில்லை” என்பார். ஜூன் கடைசியில் புதிதாக ஒரு இளம் காவலர் மாற்றலாகி வந்தார். அவர் வந்த பிறகு நோட்டில் பேனா மாறியது, நேரம் மாறியது. அதுவரை யாரும் தொடாத குறிப்புக் கட்டத்தில் ஒரு நாள் இப்படி எழுதியிருந்தது:

“2.45. வண்டியை இட்டேரி முனையில் நிறுத்தி நடந்து வந்தேன். நாய் குலைத்தது. பாட்டி ஜன்னல் வழியாக டார்ச் அடித்து யார் என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்.”