தண்ணீர் வருவதற்கு முன் கேட்க வேண்டிய கணக்கு

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து கடைமடைக்கு எட்ட இன்னும் நாளாகும். எட்டிய அன்றைக்கே அந்த வருடத் தூர்வாரும் பணியின் கணக்கும் தண்ணீருக்குள் போய்விடும். அரை மீட்டர் மண் எடுத்தார்களா, கால் மீட்டர்தான் எடுத்தார்களா என்று அதற்கப்புறம் யாராலும் அளக்க முடியாது.

மன்னார்குடிப் பக்கம் வக்கீல் தொழில் செய்கிறேன். தகவல் உரிமை மனு எழுதச் சொல்லி விவசாயிகள் வருவது பெரும்பாலும் ஆடி மாதத்தில்தான், தண்ணீர் ஏறாமல் நாற்று காய்கிற நேரத்தில்.

"எங்க வாய்க்காலை ஏன் ஒழுங்கா வெட்டலைன்னு கேட்டு எழுதுங்க சார்" என்பார்கள்.

"ஏன்னு கேட்டா பதில் வராதுங்கண்ணே, காகிதத்தைக் கேளுங்க" என்பேன்.

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவுகளைத்தான் கேட்க விடுகிறது. கோப்பில் இல்லாத விளக்கத்தையோ கருத்தையோ புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. 'ஏன்' என்று தொடங்கும் மனுவுக்கு ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டு அதிகாரி நிம்மதியாக இருப்பார். அவரைச் சங்கடப்படுத்துவது வேறு: அந்த வாய்க்காலின் மதிப்பீட்டு நகல், பணி உத்தரவு, ஒப்பந்தம், வேலைக்கு முன்னும் பின்னும் வாய்க்கால் தரையில் எடுத்த மட்ட அளவுகள், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில் தொகை. வாய்க்கால் பெயரோடு எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை என்றும் எழுதுங்கள். 'எங்கள் ஊர் வாய்க்கால்' என்று எழுதினால், எந்த வாய்க்கால் என்று தெளிவில்லை எனத் திருப்பிவிடுவார்கள்.

அளவுப் புத்தகம் கைக்கு வந்தால் கணக்கு எளிது. 2 கிலோமீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 4,000 கன மீட்டர் மண். ஆழம் கால் மீட்டராகக் குறைந்தால் 2,000. ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் வழித்து, கரையோரம் நாலு வாளி மண் அள்ளிவிட்டால் பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். கல்யாண வீட்டுக்கு முகப்பு மட்டும் வெள்ளை அடிக்கிற மாதிரி. அள்ளிய மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டியிருந்தால் ஐப்பசி மழையில் அது திரும்ப உள்ளேயே சரியும். அதையும் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

பலர் பயன்படுத்தாத உரிமை ஒன்று இருக்கிறது. பிரிவு 2(ஜே)படி நகல் மட்டுமல்ல, நடக்கிற வேலையையே நேரில் ஆய்வு செய்யலாம், பொருளின் மாதிரியும் எடுக்கலாம். 'பணியை ஆய்வு செய்யத் தேதி குறித்துத் தரவும்' என்று மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி உள்ள மனுவை அலுவலகம் வேறு மாதிரிதான் படிக்கும்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். ஏ, பி பிரிவுப் பெரிய வாய்க்கால் என்றால் நீர்வளத் துறை. வயலுக்குள் பாயும் சி, டி என்றால் பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறை, சில இடத்தில் ஊராட்சி. அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு 30 முதல் 45 நாள். தகவல் ஆணையம் வரை போனால் சம்பாவே அறுவடையாகிவிடும். அதனால்தான் ஏப்ரலில் பொக்லைன் இறங்கும்போதே மனு போடச் சொல்கிறேன்.

மே 1 கிராம சபையும் இதற்குத் தோதான நாள். எந்தெந்த வாய்க்கால், எவ்வளவு தூரம், எந்தத் திட்டத்தில் என்ற பட்டியலைப் படிக்கச் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வெற்று வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். ஆள் போதவில்லையென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தால், என்ன தீர்மானம் என்று முதலில் படித்துப் பாருங்கள்.

'அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்' என்பவர்களும் உண்டு. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எங்கள் பக்கம் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சியை நடத்தினார்கள். அப்போது தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரி 5இல் முடிய, மறுபடி தனி அலுவலர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று அரசியல் சட்டம் சொன்னாலும் அது தள்ளிப் போகிறது. மேட்டூர் திறப்பு ஒரு வருடம் தள்ளினால் மாவட்டமே கொதிக்கிறது. தேர்தல் தள்ளினால் யாரும் கொதிப்பதில்லை.

இன்னொரு தயக்கத்தையும் கேட்டிருக்கிறேன்: "ஓட்டுக்குக் காசு வாங்கிட்டு எந்த முகத்தோட போய்க் கணக்குக் கேக்குறது?" 2016இல் பணப் பட்டுவாடாவால் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலே ரத்தாகி நவம்பரில் நடந்தது, மறக்கவில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அதற்காகக் கணக்குக் கேட்கும் உரிமை பறிபோகாது. எதற்காகக் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கவே பிரிவு 6(2) இடம் தரவில்லை.

மனுப் போட்டவர் பெயர் ஒப்பந்ததாரர் காதுக்குப் போவது நடக்கிறதுதான். ஒருவராகப் போடாமல் பாசனதாரர்கள் நாலைந்து பேர் தனித்தனியே போடுங்கள். பதில் வந்ததும் முதலில் அளவுப் புத்தகத்தில் அளவெடுத்த தேதியைப் பாருங்கள். தண்ணீர் விட்ட பிறகான தேதி இருந்தால், அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று பார்க்கத் துறையின் தினசரி நீரளவுப் பதிவேட்டையும் கேளுங்கள். அதற்கும் ஒரு பத்து ரூபாய் வில்லை ஒட்டுங்கள்.