ஒண்ணேகால் பவுன் ஈயமும் 500 கிலோ மூஸும்

ஸ்வீடன்ல மூஸ்ங்கிற ராட்சச மான் வேட்டைக்கு எந்தக் குண்டு போடலாம்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. 9 கிராமுக்கு மேல, 10 கிராமுக்குள்ள இருக்குற குண்டுனா 100 மீட்டர் தள்ளி அதுகிட்ட குறைஞ்சது 2,700 ஜூல் ஆற்றல் மிச்சம் இருக்கணும். 10 கிராமும் அதுக்கு மேலயும்னா 2,000 ஜூலே போதும். மொதல் தடவ படிச்சப்ப எனக்கு இது தலைகீழா இருக்கேன்னு தோணுச்சு, வெறும் ஒரு கிராம் கூடினதுக்கு 700 ஜூல் தள்ளுபடியா? ஆனா யோசிக்க யோசிக்க, வேட்டைக்குண்டோட பிசிக்ஸ் மொத்தமும் இந்த ஒரு விதியில அடங்கியிருக்குன்னு புரிஞ்சுது.

மொதல்ல ஒண்ண தெளிவு பண்ணிக்கலாம். தோட்டான்னா பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதப் பத்தவைக்க பின்னாடி இருக்குற ப்ரைமர், முனையில இருக்குற குண்டு எல்லாம் சேந்ததுதான், பறந்து போறது அந்தக் குண்டு மட்டும். அதோட எடைய கிரெயின்ல சொல்வாங்க. தட்டாருக்கு குன்றிமணி மாதிரி அது ஒரு பழைய தானிய அளவு, 15.4 கிரெயின் ஒரு கிராம். 1906ல அமெரிக்க ராணுவத்துக்காக வந்து இன்னிக்கும் வேட்டைக்காரங்க கையில இருக்குற தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாவுல பொதுவா 150 இல்லன்னா 180 கிரெயின் குண்டு போடுவாங்க. 180 கிரெயின்னா 11.7 கிராம், கிட்டத்தட்ட ஒன்றரை பவுன். அவ்ளோதான் சாமான், அந்தப் பக்கம் நிக்கிறது 400, 500 கிலோ உடம்பு.

குண்டு அடிச்ச வேகத்துல மிருகம் தூக்கி எறியப்படும்னு சினிமா பாத்து நினைக்கிறோம், அப்படி எதுவும் நடக்காது, சுடுறவர் தோள்ல விழுற உதைக்கு மேல அந்தப் பக்கமும் பெருசா தள்ளாது. மிருகம் சாகுறது நுரையீரலும் இதயமும் கிழிஞ்சு ரத்தம் இறங்கி, மூளைக்கு ஆக்சிஜன் போகாம நின்னு போறதாலதான். அதனால குண்டுக்கு ஒரே வேலை, தோலு, சதை, விலா எலும்பு எல்லாம் தாண்டி உடையாம உள்ள போய் அங்க அகலமா ஒரு பாதை வெட்டணும். அது நடக்கலைன்னா அந்த உயிர் காட்டுக்குள்ள ஓடிப்போய் நாள்கணக்குல வலியில கிடந்து சாகும், அதத்தான் என்னால தாங்க முடியல, எடை விஷயத்த இவ்ளோ விலாவாரியா பேசுறதும் அதுக்காகத்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். அதே தேர்ட்டி-ஆட்-சிக்ஸ்ல 150 கிரெயின் குண்டு நொடிக்கு சுமார் 885 மீட்டர்ல கிளம்பும், 180 கிரெயின் 820ல. ஆற்றல் போட்டுப் பாத்தா 3,800 ஜூல், 3,900 ஜூல், பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா எடைய வேகத்தால பெருக்குற உந்தம் கனமான குண்டுக்கு ஒன்பதுல ஒரு பங்கு கூடுதல், அதோட ரெண்டும் ஒரே விட்டம்ங்கிறதால கனமானது நீளமா இருக்கும். கடப்பாரையையும் சம்மட்டியையும் நினைச்சுப் பாருங்க, எடை ஒண்ணாவே இருந்தாலும் மண்ணுக்குள்ள இறங்குறது கடப்பாரைதான், ஏன்னா மொத்த எடையும் ஒரு சின்ன முனைக்குப் பின்னாடி நிக்குது. ஸ்வீடன்ல 1894ல இருந்து இருக்குற 6.5 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா இந்தக் கடப்பாரை வகை. 156 கிரெயின், ஒண்ணேகால் பவுன், ஒல்லியா நீளமா ஒரு குண்டு. 100 மீட்டர்ல 2,500 ஜூல் பக்கம்தான் தேறும், 2,700ன்னு கறாரா நின்னிருந்தா ஃபெயில், ஆனா எடை 10 கிராம தாண்டிட்டதால பாஸ். தலைமுறை தலைமுறையா மூஸ் விழுந்துட்டு இருக்கு, சட்டம் அந்த அனுபவத்துக்கு இடம் விட்டிருக்கு.

எடை மட்டும் இருந்தா போதுமான்னா, போதாது. 1946ல ஜான் நாஸ்லர்னு ஒரு அமெரிக்கர் கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஒரு மூஸ சுடுறார். உடம்பெல்லாம் சேறு காஞ்சு ஒட்டியிருந்த ஆண் மூஸ், அவர் கையில இருந்தது அந்தக் காலத்துல ரொம்ப வேகமான மேக்னம் ரைஃபிள். குண்டு அடிச்சதும் மேலோட்டமாவே சிதறிடுச்சு, உள்ள இறங்கவே இல்ல. வேகம் கூடக்கூட மெல்லிசான செம்பு உறையும் உள்ள இருக்குற மெத்து ஈயமும் தாங்காது, துண்டு துண்டான ஒவ்வொண்ணும் ஒரு லேசான குண்டுதான், பின்னாடி எடை இல்லாம உடனே நின்னுடும். ஊர் திரும்பி அவர் பண்ணின குண்டு 1948ல விற்பனைக்கு வந்துச்சு. நெடுக்க அறுத்துப் பாத்தா, நடுவுல செம்புலயே ஒரு தடுப்புச் சுவர், முன்னறையில கொஞ்சம் ஈயம், பின்னறையில மீதி ஈயம். முன்பக்கம் காளான் குடை மாதிரி விரிஞ்சு பாதைய அகலமாக்கும், சுவர் வரைக்கும் வந்ததும் விரியுறது நின்னுடும், பின்பக்கம் அப்படியே முழுசா தள்ளிட்டுப் போகும். அருமையான யோசனை!

இப்ப ஈயமே இல்லாம முழுச் செம்புல குண்டு வருது. ஈயத்தூள் கறியிலயும் குடல்லயும் தங்கி, அதத் தின்ன கலிஃபோர்னியா காண்டார் கழுகுங்க செத்துச்சுங்க, 2019 ஜூலைல இருந்து அந்த மாநிலத்துல வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. செம்பு ஈயத்த விட லேசு, அதே எடைக்கு குண்டு இன்னும் நீளமாகும், ஆனா சிதறாம எடைய அப்படியே வச்சுக்கிறதால ஒரு படி குறைச்சலான எடை எடுத்தாலே வேலை முடிஞ்சுடும்.

இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சனையும் உண்டு, ரொம்ப தூரத்துல வேகம் செத்துப்போன குண்டு விரியவே விரியாது. பெரும்பாலான வேட்டைக்குண்டுக்கு படுறப்ப நொடிக்கு 550 மீட்டராவது வேணும், இல்லன்னா பென்சில் குத்தின மாதிரி ஒரு ஓட்டை போட்டுட்டு மறுபக்கம் போயிடும்.

கனமா இருந்தா நல்லதுன்னு யானைத் துப்பாக்கி அளவுக்குப் போனாலும் தப்புதான், உதை பயந்து விசை இழுக்குற நேரத்துல கண்ண மூடிக்கிற ஆள் எந்தக் குண்டு போட்டும் பிரயோஜனம் இல்ல. ஆப்பிரிக்காவுல ஆயிரத்துக்கு மேல யானை சுட்ட ஸ்காட்லாந்துக்காரர் பெல், அதுல பெரும்பகுதிய 7 மில்லிமீட்டர்ல 173 கிரெயின் விரியாத குண்டு வச்சுத்தான் சுட்டார். யானை மண்டையோட்ட ரம்பத்தால அறுத்து மூளை எங்க இருக்குன்னு படிச்சவர் அவர், அத்தனை யானை போனது மனச அறுக்குது, ஆனா அந்த ஒல்லிக் குண்டு எவ்ளோ ஆழம் போகும்ங்கிறதுக்கு அத விட சாட்சி வேண்டாம். எந்தக் குண்டானாலும் சரியான இடத்துல படணும், ஸ்வீடன்ல இதனாலதான் குண்டோட எடைய சட்டமா எழுதினதோட நிறுத்தல, வேட்டைத் தேர்வுல மூஸ் வடிவ அட்டைய ஓடவிட்டு, நெஞ்சுப் பகுதியில சரியா அடிக்கிறவங்கதான் பாஸ்.