இயற்கை அல்ல, கரிமம்

எங்கள் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் நடந்த மூட்டுவலி முகாமில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘சுற்றுச்சூழலில் உள்ள இயற்கைச் சேர்மங்கள் மூட்டுக் குருத்தெலும்பு செல்களைச் சிதைக்கலாம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சீமைக்கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி சுட்டே பாதி ஆயுளைக் கழித்த என் சின்னம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: “ஏப்பா, அப்ப இயற்கை உரம் போட்ட கத்திரிக்காயத் திங்கக் கூடாதா?”

அவர் சரியாகத்தான் படித்தார். எழுதியவர்தான் தவறு செய்தார். ஆங்கிலத்தில் ‘ஆர்கானிக்’ என்று கண்டாலே ‘இயற்கை’ என்று போடும் பழக்கத்தை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

கிரேக்கத்தில் ‘ஆர்கனான்’ என்றால் கருவி, பிறகு உடலுறுப்பு. உயிருள்ளவற்றிலிருந்தே கிடைக்கும் என்று நம்பிய பொருள்களுக்கு வேதியியலார் அந்தப் பெயரை வைத்தார்கள். 1828-இல் ஜெர்மன் வேதியியலார் வோலர் ஆய்வகத்திலேயே யூரியாவை உண்டாக்க, அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்று அது கரியணுவை அடிப்படையாகக் கொண்ட சேர்மத்தின் பெயர். பள்ளிப் பாடநூலிலேயே ‘கரிமச் சேர்மம்’ இருக்கிறது.

‘இயற்கைச் சேர்மம்’ என்பவர்கள் அந்த யூரியாவையே எண்ணிப் பார்க்கட்டும். வேதியியல் கணக்கில் அது கரிமச் சேர்மம். யூரியா மூட்டையை விட்டொழித்தவரைத்தான் நாம் இயற்கை விவசாயி என்கிறோம். டி.டி.டி. பூச்சிமருந்தும் பிளாஸ்டிக்கும் விசைப்படகின் டீசலும் கரிமந்தான். அவற்றை இயற்கை என்று எந்த வாயால் சொல்வது? ‘இயற்கை வேளாண்மை’ நல்ல சொல், வயலில் இருக்கட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர் ‘சேதனச் சேர்வை’ என்பார்கள். வெகுகாலம் புழங்கிய சொல், மதிக்கிறேன். ஆனால் சேதனம் என்றால் உணர்வுள்ளது. வோலர் கைவிடச் செய்த பழைய எண்ணத்தையே அது சுமக்கிறது. போதாததற்கு, எங்களூர்க் காதில் ‘சேதம்’ என்று விழும். கரிமத்தில் கரி இருக்கிறது, பொருளும் அதிலேயே இருக்கிறது.

‘குருத்தெலும்பு’ என்ற சொல்லில் எனக்குச் சண்டையே இல்லை. பனங்குருத்தை உரித்தவருக்கும் திருக்கை மீனை அறுத்தவருக்கும் அந்த வழுவழுப்பு தெரியும். திருக்கையின் எலும்புக்கூடு முழுக்க அதுதான். நம் மூட்டில் அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, அதனால் கெட்டால் எளிதில் ஆறாது. விறகும் பீடியும் அரைகுறையாக எரியும்போது வரும் பென்சோபைரீன், குப்பை எரிப்பில் வரும் டையாக்சின் போன்ற கரிமச் சேர்மங்கள் அந்தச் செல்களைப் பாதிக்கலாம் என்பதுதான் சேதி. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு எவ்வளவு புகையில் எவ்வளவு கேடு என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ‘லாம்’ என்ற விகுதியை மட்டும் துண்டறிக்கை சரியாகப் போட்டிருந்தது.

‘இயற்கை’யை அடித்துவிட்டு மேலே ‘கரிம’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“கரியா? நம்ம மூட்டத்துக் கரியா?”

“அந்தப் பொகையில இருக்குறதையுந்தான் சொல்றாக, சின்னம்மா.”

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “அப்ப இனி காத்துக்கு மேப்பக்கமா நின்னுதான் மூட்டத்தப் பிரிக்கணும்.”