இந்தப் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டதா?

வாசலில் வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறப் பெட்டைப் பூனையைக் கருத்தடைக்காகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தேன். அவர் உடனே மயக்க ஊசியை எடுத்துவிடவில்லை. வயிற்று ரோமத்தை ஸ்பிரிட்டால் நனைத்து, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தார். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வயிற்றின் நடுவில், வெள்ளை நூலை ஒட்டிவைத்தது போல ஒரு கோடு. இரண்டு செண்டிமீட்டர்கூட இருக்காது. “ஏற்கெனவே பண்ணிட்டாங்க” என்றார். அந்தக் கோடு கண்ணில் படாமல் போயிருந்தால், வயிற்றைத் திறந்து இல்லாத கருப்பையைத் தேடியிருப்பார்கள். அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. அதனால்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

கடுவன் பூனையில் இது பெரும்பாலும் ஒரு பார்வையில் முடிந்துவிடும். வாலைத் தூக்கினால், மலவாய்க்குக் கீழே ரோமம் மூடிய இரண்டு சிறு உருண்டைகள் தெரியும். விதைகளை எடுத்திருந்தால் அந்த இடம் தட்டையாக, தொட்டால் வெறும் தோலாக இருக்கும். ஆனால் சில கடுவன்களுக்கு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் காயடித்தது போலத் தோன்றும். உள்ளே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும்.

இந்த மாறாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. முழுக் கடுவனின், அதாவது காயடிக்காத கடுவனின், ஆண்குறி நுனியில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் இருக்கும்வரைதான் அவை இருக்கும். விதைகளை எடுத்த ஆறு வாரங்களுக்குள் மறைந்துவிடும். எனவே விதைப்பை காலியாக இருந்து, முட்கள் மட்டும் இருந்தால், ஒன்று அறுவை நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் விதை எங்கோ ஒளிந்திருக்கிறது. மூக்கைத் துளைக்கும் சிறுநீர் நாற்றமும் ஒரு துப்புதான். ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலத்தை முழுக் கடுவன்கள் மிக அதிகமாக வெளியேற்றும். அது சிதையும்போது வருவதுதான் அந்த வாடை. உப்பிய கன்னங்களை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். வயதான பிறகு காயடித்த பூனைக்கும் அவை ஓரளவு தங்கிவிடும்.

பெட்டைதான் சிரமம். எல்லாம் உள்ளே இருப்பதால் வெளியே பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை. தழும்பைத் தேடலாம். சில மருத்துவர்கள் வயிற்றின் நடுவில் கீறாமல் விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் கீறுவார்கள், ஆகவே இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். குட்டிப் பருவத்திலேயே அறுவை நடந்திருந்தால் தழும்பு ஏறக்குறைய மறைந்தே போயிருக்கும். சரி, தழும்பு கிடைத்துவிட்டது என்றாலும் அது வேறு ஏதாவது வயிற்று அறுவையின் தழும்பாக இருக்கலாம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் கீறிய இடத்தருகே பச்சை மையில் சின்னதாக ஒரு கோடு பச்சை குத்திவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

“பொறுத்திருந்து பார்ப்போம், பருவத்துக்கு வந்தால் தெரிந்துவிடும்” என்பார்கள். பருவம் வந்தால் தெரியும், உண்மைதான். தொண்டை கிழியக் கத்தும், தரையில் புரளும், முதுகைத் தடவினால் பின்புறத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும். ஆனால் பூனையின் பருவம் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. பகல் குறுகிய மாதங்களில் முழுப் பெட்டையும் அமைதியாக இருக்கக்கூடும். சினையாக இருந்தாலும் அமைதிதான். வெளியே போய்வரும் பூனையாக இருந்தால், நாம் காத்திருக்கும் ஒன்பது வாரத்தில் அது குட்டியே போட்டுவிடும்.

அப்புறம் இருப்பது இரத்தப் பரிசோதனை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்தை வேலை வாங்க எல்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. சூலகம் பதிலுக்கு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து பிட்யூட்டரியை அடக்கிவைக்கிறது. சூலகத்தை எடுத்துவிட்டால் பதில் சொல்ல ஆளில்லை; பிட்யூட்டரி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் கருத்தடை ஆன பெட்டையின் இரத்தத்தில் எல்ஹெச் எப்போதும் உயர்ந்தே இருக்கும். ஒரே ஒரு முறை அளவு குறைவாக வந்தாலும் சூலகம் உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். உயர்வாக வந்தால் இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுப் பெட்டைக்கும் இணைசேர்ந்த பிறகு எல்ஹெச் கொஞ்ச நேரம் ஏறும். இல்லாத உறுப்பை, அது அடக்காமல் விட்ட சுரப்பியை வைத்துக் கண்டுபிடிக்கும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏஎம்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோனைத் தேடும் பரிசோதனை இன்னும் நேரடியானது. சூலகமும் விதையும்தான் அந்த ஹார்மோனைச் சுரக்கின்றன என்பதால், இறங்காத விதையையும் அறுவையில் தவறி உள்ளே தங்கிவிட்ட சூலகத் துணுக்கையும்கூட அது பிடித்துவிடும்.

தெருப் பூனைகளுக்கு ஊசியும் இரத்தமும் தேவைப்படாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. கருத்தடை மயக்கத்திலேயே ஒரு காதின் நுனியைச் சுமார் ஒரு செண்டிமீட்டர் அளவுக்கு நேர்கோட்டில் வெட்டிவிடுகிறார்கள். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும். இது கத்தரித்த துணி போல நேராக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். திரும்பவும் கூண்டில் பிடிபட்டு, திரும்பவும் மயக்க ஊசி போட்டுக்கொள்வதைவிட அந்த நுனி போவது எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து.

சாம்பல் பூனையின் இரண்டு காதும் முழுசாக இருந்தன. வயிற்றில் பச்சைக் கோடும் இல்லை. அன்றைக்கே அதன் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்து, பதிவில் “கருத்தடை ஆனது” என்று எழுதச் சொன்னேன். நாளை அது வழிதவறி இன்னொரு வாசலில் போய் உட்கார்ந்தால், அடுத்த மருத்துவர் ஸ்பிரிட் பாட்டிலை எடுப்பாரோ மாட்டாரோ.