அம்மாச்சியின் சாப்பாடும் பேத்தியின் மூளையும்

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரின் வயிற்றில் வளர்வது பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிசுவின் சூலகங்களில் இந்நேரம் 60 முதல் 70 லட்சம் கருமுட்டைகள் உருவாகியிருக்கும். பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். அதன்பின் புதிதாக முட்டைகள் உருவாவதில்லை. அந்தப் பெண் வளர்ந்து ஒருநாள் சுமக்கப்போகும் பிள்ளைக்கான முட்டையும் இவற்றில் ஒன்றுதான். ஆக, இந்தக் கர்ப்பிணி இன்று மதியம் சாப்பிடும் சோறு அவருக்கு, அவருடைய மகளுக்கு, மகள் வயிற்றுப் பிள்ளைக்கு என மூன்று தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது.

மகப்பேறு மருத்துவராக நான் பார்க்கும் பெண்களில் பெரும்பாலோர் ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்தவர்கள். வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறது. ஆனாலும் வெளிறிய கண் இமைகளோடுதான் பலர் பரிசோதனைக்கு வருகிறார்கள். நல்ல மீன் ஏலத்துக்குப் போகிறது. மிஞ்சியது வீட்டுக்கு வந்தால் ஆண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு சட்டியில் குழம்பு மட்டும் இருக்கும். பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் பெண்கள் வெறும் வரக்காப்பியைக் குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிறார்கள். "பசி தெரியாது டாக்டரம்மா" என்கிறார்கள். பசி தெரியாமல் இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவது ரத்தத்தில் தெரிகிறது.

தாயின் பட்டினி பிள்ளையின் மூளை வரை போகும் என்பதற்கு வரலாற்றில் துயரமான சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் ஜெர்மானியப் படை தடுத்தது. ஒரு நாளைக்கான ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. 2008இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்தும், அவர்களுடைய மரபணு ஒன்றின் மீதிருந்த வேதியியல் அடையாளங்கள், பஞ்சத்தில் கருவாகாத உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. மரபணு மாறவில்லை. அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்பு மாறியிருந்தது.

அண்மையில் பலர் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, துளசியைத் தின்றால் பேரப்பிள்ளைக்கு மறதி நோய் வராதாமே என்று கேட்கிறார்கள். அந்தச் செய்தியின் மூலம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு. ஆப்பிள் தோலிலும் துளசி வகை மூலிகைகளிலும் இருக்கும் அர்சாலிக் அமிலத்தை உணவில் கொடுத்தபோது, தாயின் குடலில் ஒருவகைக் கொழுப்பு உண்டாகி, அது முட்டைக்குள் சென்று, அடுத்த தலைமுறையின் நரம்பு இழைகள் சிதையாமல் காத்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அந்தத் தாய், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருண்டைப்புழு. மனிதரிடம் இது நிறுவப்படவில்லை. ரசத்தில் நாலு துளசி இலை போடுவதில் தவறில்லை. இதை நம்பிக் கர்ப்பகாலத்தில் மூலிகைச் சாறும் மாத்திரையும் வாங்கி விழுங்காதீர்கள்.

மனிதரிடம் ஐயமில்லாமல் நிறுவப்பட்டவை இதைவிட எளியவை, மலிவானவை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அந்தக் குழாய் சரியாக மூட உதவுவது ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின். அதன் பலனைக் காட்டிய பெரிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. முன்பே நரம்புக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களிடம், ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கியபோது மறுபடி அக்குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் பொதுவான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். முதல் பிள்ளைக்கு அக்குறை இருந்தவர்களுக்கு அதைப்போல் பத்து மடங்கு தேவை என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் பட்டு எடுக்கப் போகும் வீட்டார், அந்த வாரமே பெண்ணுக்கு இந்த மாத்திரையையும் தொடங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த நீல நிற மாத்திரையையும் பிள்ளைகள் தூக்கி எறிகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், காப்பி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

அடுத்தது உப்பு. வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் மாவட்டம் இது. "கடலில் விளைகிற உப்பில் இல்லாத சத்தா?" என்று மாமியார்கள் என்னிடம் கேட்பதுண்டு. இல்லை என்பதே பதில். பாத்தியில் அள்ளும் கல்லுப்பில் அயோடின் மிகக் குறைவு, அதைச் சேர்த்தால்தான் உண்டு. கர்ப்பத்தின் முதல் பாதியில் சிசு தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. மூளை வளர அந்த ஹார்மோன் வேண்டும், ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டலத்தில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கல்லுப்பாகவும் அது கிடைக்கிறது. அடுப்போரம் திறந்து வைக்காமல் மூடிய டப்பாவில் வையுங்கள்.

மீனைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பிரசவமான பெண்ணுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது இந்தக் கரையில் அன்பின் அடையாளம். பால் ஊறும் என்று அம்மாச்சிமார் தேடி வாங்கிச் செய்கிறார்கள். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன். அவற்றின் உடலிலிருந்த பாதரசமெல்லாம் அதன் சதையில் சேருகிறது. அந்தப் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவின் மூளைக்குப் போகிறது, தாய்ப்பாலிலும் ஓரளவு கலக்கிறது. குட்டிச் சுறாவில் இது குறைவு என்றாலும், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்ப்பதே நல்லது. அதற்காக மீனையே விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், வாரம் 340 கிராமுக்கும் குறைவாக மீன் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளே மொழித்திறன் சார்ந்த அறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். சாளை, சூடை, நெத்திலி, காரல் எல்லாம் சின்ன மீன்கள். பாதரசம் குறைவு. சாளையில் மூளைக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு ஏராளம். ஏலத்தில் விலை போகாத மீன்தான் கர்ப்பிணிக்கு மிக ஏற்றது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. வாரம் இரண்டு மூன்று வேளை, பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ, அவர் தட்டில் முதலில் வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீனும் காசும் ஒன்றாகக் குறையும் அந்த 61 நாளில்தான் கர்ப்பிணிகளின் எடை ஏறாமல் நிற்பதைப் பார்க்கிறேன். நாட்டுப்படகு மீன் கிடைக்காத நாளில் முட்டை, பாசிப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை இருக்கட்டும். கருவாடு கொடுத்தால் நன்றாக ஊறவைத்துக் கழுவிக் கொடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவு, பல வீடுகளில் எல்லோருக்கும் கொழுக்கட்டையாகி இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. அதைத் தனி டப்பாவில் எடுத்து வைத்து, தினமும் அவருக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுங்கள்.