‘ஓகே’ என்று காட்டும் டிஸ்க்கை நம்பி உட்காராதீர்கள்

மறுபடியும் அதே கதை. இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க். பல வருடத்துப் படங்களும் வேலைக் கோப்புகளும் அதில் மட்டும்தான், வேறெங்கும் பிரதி கிடையாது. சில வாரங்களாகவே ஃபோல்டர் திறக்க நேரம் எடுத்திருக்கிறது. உரிமையாளர் விவரமானவர், சும்மா விடாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார். கணினி கிளம்பும்போது ஓடும் சோதனை ‘பாஸ்டு’ என்றது. விண்டோஸ் ‘ஓகே’ என்றது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் மட்டும் மஞ்சள் கட்டத்தில் ‘காஷன்’ (எச்சரிக்கை) என்றது. மூன்றில் இரண்டு நல்லதாகச் சொல்கிறதே என்று மெஜாரிட்டி பக்கம் சாய்ந்துவிட்டு, அந்த மஞ்சளையும் போக்கிவிடுவோம் என்று ராத்திரி முழுக்க விண்டோஸின் ரிப்பேர் கருவியான செக்டிஸ்க்கை ஓட விட்டிருக்கிறார். விடியும்போது டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம். கெட்ட டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுக்கும் தொழில் செய்யும் என்னிடம் கொண்டு வந்து வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “நான் செக் பண்ணேனே சார், ஓகேன்னுதானே காட்டுச்சு?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘ஓகே’ எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறிப்பெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர் (டிஸ்க் தகவல் வைக்கும் சின்னக் கட்டம்) கெட்டது, சூடு எவ்வளவு என்று வரிவரியாக வைத்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் உண்மையான எண்ணிக்கை ஒன்று இருக்கும், அதுதான் ரா வேல்யூ. அதைத் தயாரிப்பாளர் தன் கணக்குப்படி ஒரு மதிப்பெண்ணாக மாற்றியிருப்பார், பெரும்பாலும் 100-லோ 200-லோ தொடங்கி அது கீழே இறங்கும். கூடவே ‘இதற்குக் கீழே போனால் ஃபெயில்’ என்று ஒரு எல்லையும் அவரே வைத்திருப்பார். மதிப்பெண் அந்த எல்லையைத் தொடும்வரை டிஸ்க் ‘பாஸ்டு’தான். நூற்றுக்கணக்கான செக்டர் செத்து மாற்றப்பட்ட பிறகும் மதிப்பெண் சொகுசாக எல்லைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் டிஸ்க்குகளை நான் வழக்கமாகவே பார்க்கிறேன். பாஸ் மார்க்கை இரண்டு என்று வைத்துவிட்டு வகுப்பே பாஸ் என்று அறிவிப்பது போலத்தான் இது. தயாரிப்பாளரையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது, வெறும் சந்தேகத்துக்கெல்லாம் மணி அடித்தால் நல்ல டிஸ்க்கும் வாரண்டியில் திரும்பி வரும், அதை எந்த நிறுவனம் விரும்பும்? ஆனால் அந்த எல்லை வாரண்டிக்காக வைத்தது, உங்கள் படங்களுக்காக வைத்தது இல்லை. மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டி காட்டும் ‘வெரிஃபைடு’, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற சோதனைக் கருவி முதலில் காட்டும் ‘பாஸ்டு’, விண்டோஸின் ‘ஓகே’ எல்லாமே இந்த ஒரே தீர்ப்பைத்தான் திருப்பிச் சொல்கின்றன. மூன்று கருவியில் பார்த்தேன் என்றால் மூன்று சாட்சி என்று நினைக்கிறீர்கள். சாட்சி ஒருவர்தான், மூன்று முறை பேசியிருக்கிறார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ கொஞ்சம் கறார், முக்கியமான சில வரிகளில் ரா வேல்யூ பூஜ்யத்தைத் தாண்டினாலே மஞ்சள் காட்டிவிடும். அதனால்தான் நம் ஆட்கள் அதை ‘சும்மா பயமுறுத்துற சாஃப்ட்வேர்’ என்று ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதையும் யாரும் கேட்பதில்லை. கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் டேட்டா சென்டர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை வைத்து 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் அதிகமானவை, சூட்டைத் தவிர வேறெந்த ஸ்மார்ட் வரியிலும் ஒரு அறிகுறிகூடக் காட்டாமல் செத்திருக்கின்றன. அதாவது தீர்ப்பை விட்டுவிட்டு ரா வேல்யூவையே தினமும் உட்கார்ந்து பார்த்தாலும், மூன்றில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போகும். அதே ஆய்வில் மறுபக்கமும் இருக்கிறது: டிஸ்க் தன் பரப்பை வாசித்துப் பார்த்ததில் முதல் பிழை தென்பட்ட பிறகு, அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. கெட்ட சேதி வந்தால் நம்புங்கள். நல்ல சேதி வந்தால் தோளைக் குலுக்கிவிட்டு பேக்கப்பைப் பாருங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? ஹார்ட் டிஸ்க் என்றால் ஸ்மார்ட் பட்டியலில் 05, சி5 (C5), சி6 (C6) என்ற அடையாள எண்ணுள்ள மூன்று வரிகள், இருந்தால் பிபி (BB). சி6-ம் பிபி-யும் டிஸ்க்கால் திருத்த முடியாமல் போன பிழைகளின் கணக்கு. 05 என்பது கெட்டுப்போய் உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். சி5 என்பது வாசிக்க முடியாமல் தவித்து, முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். எனக்கு இதுதான் அதிகம் உறுத்தும் வரி, ஏனென்றால் இந்த நிமிடம் உங்கள் கோப்பு ஒன்றின் ஏதோ ஒரு துண்டு அங்கே சிக்கியிருக்கலாம். மேலே சொன்னவர் முன்பே எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். சி5 வரியின் கடைசியில், வரிசையாகப் பூஜ்யங்களுக்குப் பிறகு 98. “தொண்ணூத்தெட்டுதானே” என்றார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரா வேல்யூவை வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும், அந்த 98 நம் கணக்கில் 152. மெனுவில் போய் ரா வேல்யூவை பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள், குழப்பம் போகும்.

பயப்பட வேண்டாத வரிகளும் உண்டு. சி7 என்பது டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே தகவல் போகும்போது நேர்ந்த பிழைகள், அது ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், கேபிளை மாற்றுங்கள். எண்ணிக்கை இறங்காது, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். நல்ல டிஸ்க்கை இதற்காகத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும், அது அவர்கள் எழுதும் முறை. அப்புறம் 09, ஓடிய மணி நேரம். வருடம் முழுக்க அணைக்காமல் ஓடினால் 8,760 மணி. அதை வைத்து வயதைத் தெரிந்துகொள்ளலாம், ஆயுளைச் சொல்ல முடியாது. எந்த வரியானாலும் இன்றைய எண்ணைவிட அது நகர்கிறதா என்பதுதான் முக்கியம். 05-ல் எட்டு செக்டர் என்று மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் டிஸ்க்கைவிட, போன வாரம் பூஜ்யமாக இருந்து இன்று எட்டைக் காட்டும் டிஸ்க் எனக்குக் கவலை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஆனால் தயவுசெய்து அதே டிஸ்க்கில் வேண்டாம்.

கருவி எதுவும் இல்லாமலே டிஸ்க் உங்களிடம் சொல்லும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் மும்முரமாக இருக்கும், ஆனால் வாசிக்கும் வேகம் நொடிக்குச் சில கிலோபைட், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில். ஒரே செக்டரைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயன்று கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். விண்டோஸின் பதிவேடான இவென்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் இருக்கின்றனவா பாருங்கள். 7 வந்தால் பேட் பிளாக் (கெட்ட இடம்), 153 வந்தால் ஒரு வேலையை மறுபடி முயல வேண்டி வந்தது. இதையெல்லாம் ‘வைரஸ்’ என்று நினைத்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுக்கும் தொழில் நண்பர்களுக்கு: நிறுத்துங்கள் ஐயா.

சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் ‘ஹெல்த் 100 சதவீதம்’ என்று சிரிக்கிறார்கள். அந்தச் சதவீதம் எழுதியெழுதித் தேய்ந்தது எவ்வளவு என்பதன் மதிப்பீடு, அவ்வளவுதான். அதில் இருக்கும் கண்ட்ரோலர் சிப் நாளைக்குப் போகுமா என்று அதற்குத் தெரியாது. 99 சதவீத ஹெல்த்தோடு, காலையில் கணினியைப் போட்டால் அப்படி ஒரு டிஸ்க்கே இல்லாதது போல எஸ்எஸ்டி காணாமல் போகும். ஹார்ட் டிஸ்க் போல இருமி, முனகி, நாள் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் அதற்கு அநேகமாகக் கிடையாது. எதிர்த்திசையிலும் தவறான பயம் உண்டு: என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் ‘பர்சன்டேஜ் யூஸ்டு’ (தேய்ந்த சதவீதம்) 100-ஐத் தாண்டினாலும் அன்றைக்கே சாகாது, அந்த எண் 255 வரை ஏறும்படிதான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள் ஸ்பேர்’ (மிச்சமிருக்கும் உபரி இடம்) இறங்குகிறதா, ‘மீடியா எரர்ஸ்’ (சேமித்ததில் திருத்த முடியாத பிழைகள்) பூஜ்யத்தை விட்டு நகர்கிறதா என்பதை. இன்னொரு விஷயம், எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை, அந்த இடத்தைக் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் வேலை செய்து முடித்த பிறகு எங்களாலும் மீட்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் பண்ணினீர்களே என்று சண்டைக்கு வராதீர்கள்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் இடத்துக்கு வருகிறேன். வரிசை. எல்லோரும் முதலில் சோதிக்கிறார்கள், அப்புறம் ‘ரிப்பேர்’ செய்கிறார்கள், அதுவும் சரிவராவிட்டால்தான் காப்பி எடுக்க நினைக்கிறார்கள். தலைகீழ். சந்தேகம் வந்த டிஸ்க்கில் முதல் வேலை காப்பி. நீண்ட சோதனை டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் மணிக்கணக்கில் வாசிக்க வைக்கும், தகட்டை வாசிக்கும் நோஞ்சான் ஹெட்டுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். செக்டிஸ்க் இன்னும் மோசம். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவி, டிஸ்க்குக்கு வைத்தியம் பார்க்கும் கருவி இல்லை. வாசிக்க முடியாத இடத்தில் இருப்பதைக் குப்பை என்று முடிவு கட்டி, பட்டியலைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதும். பிறகு உங்கள் படங்கள் பெயரிழந்து ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் ஃபோல்டரில் துண்டு துண்டாகக் கிடக்கும்.

“ஃபார்மட் பண்ணேன், சரியாயிடுச்சு” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சி5-ல் நின்ற செக்டரின் மேல் எதையாவது எழுதினால் டிஸ்க் முடிவெடுத்துவிடும். எழுத முடிந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், முடியாவிட்டால் உபரி இடத்துக்கு மாற்றிவிட்டு 05-ல் கூட்டும். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது, ஆகவே சி5 பூஜ்யமாகும், மஞ்சள் போகவும் செய்யலாம், மனம் குளிரும். ஹெட்டோ தகடோ கெட்டதுதான் காரணம் என்றால் அது அப்படியேதான் இருக்கிறது. பழைய கோப்புகளோ நிரந்தரமாகப் போயாச்சு, எந்த மென்பொருளாலும் வராது.

ஆக, சந்தேகம் வந்தால் புது வேலை எதையும் அந்த டிஸ்க்கில் செய்யாதீர்கள். மொத்தமாகச் செலக்ட் ஆல் போட்டு இழுக்காமல், போனால் திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள். படங்கள், எழுதியவை, கணக்குகள். சினிமாவும் இன்ஸ்டால் ஃபைல்களும் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். ஒரு ஃபோல்டரில் சிக்கி நின்றால் மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியைப் பயன்படுத்துங்கள், அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது எங்கே என்று குழம்பி, மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்து வெற்று டிஸ்க்கைப் பழையதன் மேல் எழுதியவர்களும் உண்டு, எனவே மாடல் பெயரை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள்.

டிக் டிக் சத்தம் வந்தால் மட்டும் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டியுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ கிடையாது. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். தட்டிப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், ஹெட் தகடுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, அதற்கு ஒரு தூசியே பாறை. மீட்பு மென்பொருளை இறக்கி அதே டிஸ்க்கில் நிறுவுபவர்களைப் பற்றி எழுதினால் கட்டுரை நாகரிகம் கெடும், விட்டுவிடுகிறேன்.

பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துச் சோதியுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அலமாரியில் தூங்கும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை, தேவைப்படும் அன்றுதான் அதுவும் போயிருப்பது தெரிகிறது. சில யுஎஸ்பி பெட்டிகள் ஸ்மார்ட் விவரத்தை வெளியே விடாது, அப்போது குறைந்தது சில பெரிய கோப்புகளைத் திறந்தாவது பாருங்கள். எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கவிட்டு அதையே ஒரே பேக்கப்பாக நம்பாதீர்கள், நன்றாகத் தேய்ந்தது என்றால் அதில் இருப்பது மெல்ல மங்கிப்போகும்.

கடைசியில் எங்களைப் போன்றவர்களிடம் கொண்டு வரும்படி ஆகிவிட்டால், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கீழே விழுந்ததா, செக்டிஸ்க் ஓடியதா, வேறு யாராவது திறந்தார்களா, எல்லாம். திட்ட மாட்டோம், மனதுக்குள் மட்டும்தான். எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும் என்று பெயரோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியாமல் வேலை செய்யும்போது, ‘எல்லாமே முக்கியம் சார்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் முதலில் எடுக்க முடியாது.